பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்து விளையாடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியறை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள்தான். 386, 486, பென்டியம் என்பவை பிராசசர் (மூளைச் சிப்பு) தலைமுறைகளின் பெயர்கள்; 386 முதல் பென்டியம் 3 வரை இப்போதைக்குப் பதினொன்று ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையானால் குடியாத்தம், ஆரணி, ஆம்பூர், வாலாஜா என்று எங்கிருந்தாவது ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பெட்டிகள் வேறு வேறு, கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் பெட்டி பிழைக்க வேண்டும், வேகம் கூட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றியதால் கருகிப்போன போர்டுகள் ஒரு கோணிப்பை நிறைய என்னிடம் இருக்கின்றன.

எந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை எடுத்தால் எல்லா விளையாட்டும் ஓடும்?

எல்லாம் ஓடும் பெட்டி என்று ஒன்று கிடையாது. எந்த விளையாட்டு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; பெட்டியை அது சொல்லும். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா போன்ற 1990-ஐ ஒட்டிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டுகளுக்கு 386 தாராளம். 1993 டிசம்பரில் வந்த டூம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் 66 மெகாஹெர்ட்ஸ் 486 வேண்டும். 1996-ல் வந்த குவேக், தசமக் கணக்குப் பகுதி வலுவாக உள்ள பென்டியத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. 486-ல் அது நொண்டும். ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், நீட் ஃபார் ஸ்பீட் 2 ஆகியவற்றுக்கு விண்டோஸ் 95 அல்லது 98 உள்ள பென்டியம். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் வந்து நம் ஊர் பிரவுசிங் சென்டர்களையெல்லாம் கட்டிப்போட்ட ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.-க்குப் பென்டியம் 3-ம் நல்ல கிராபிக்ஸ் கார்டும்.

ஒரே ஒரு பெட்டிக்குத்தான் வீட்டில் இடம் உண்டு என்றால் என் பரிந்துரை இது: இன்டெல் 440 பி.எக்ஸ். சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்புகள்) கொண்ட மதர்போர்டு, 500 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பென்டியம் 3. 1998-ல் வந்த இந்தச் சிப்செட் அசைக்க முடியாத உறுதி கொண்டது. அந்தப் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் கார்டுக்கான ஏ.ஜி.பி. ஸ்லாட்டோடு பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டும் ஒன்றிரண்டு இருக்கும். டாஸ் காலத்துச் சவுண்ட் கார்டைக் குத்த அந்த நீளமான கறுப்பு ஸ்லாட்தான் வேண்டும். போர்டு வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

வேலூர்ப் பக்கம் இவை இன்னும் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, ஆனால் தேட வேண்டும். கடை என்று போனால் காயலான் கடைதான். கடைக்காரர் எடை போட்டு வாங்கியிருப்பார். உடைத்துப் பிரிப்பதற்கு முன் நீங்கள் போய்ச் சேர வேண்டும். 486 காலத்துப் பீங்கான் பிராசசர்களில் தங்கம் இருப்பதால் அவற்றைத் தனியாகப் பிடுங்கி விற்றுவிடுவார்கள். கேபினட் முழுசாகக் கிடைத்தும் உள்ளே பிராசசர் இல்லாமல் ஏமாந்தவர்கள் உண்டு, திறந்து பார்த்து வாங்குங்கள்.

காயலான் கடையைவிட நல்ல இடம் மூடிப்போன நிறுவனங்கள். தட்டச்சுப் பயிலகங்கள், டி.டி.பி. சென்டர்கள், கல்யாணப் பத்திரிகை அச்சகங்கள், தோல் ஏற்றுமதி அலுவலகக் கிடங்குகள். என்னிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்த போர்டு ராணிப்பேட்டையில் ஒரு தோல் அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியிலிருந்து வந்தது. தனி உதிரிப் பாகம் வேண்டுமென்றால் நமக்கு ஒரு வசதி உண்டு: இந்தப் பக்கம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், அந்தப் பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் இரண்டில் எங்கே போனாலும் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கொண்டு வந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. கை எவ்வளவு துடித்தாலும் கூடாது.

முதலில் கேபினட்டைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பத்து இருபது ஆண்டு மூடிக் கிடந்த பெட்டியில் தூசி மட்டும் இருக்காது. காற்றுத் துளை வழியாகக் குளவி போய் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி) விசிறியில் மண்கூடு கட்டியிருக்கும். ஸ்லாட் இடுக்கில் பல்லி முட்டை இருக்கும். பல்லி செத்துக் காய்ந்து பவர் இணைப்பின் மேல் ஒட்டிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கண்டபடி சுழன்றால் அச்சு தேய்ந்துவிடும்.

அடுத்து, எஸ்.எம்.பி.எஸ். பின்னால் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கிறதா, அது 115-ல் இருக்கிறதா 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் 115-ல் இருக்கும். அதை அப்படியே நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் வெடிச் சத்தம்தான் கேட்கும்.

பிறகு எஸ்.எம்.பி.எஸ்.-ஸைத் தனியாகக் கழற்றிச் சோதியுங்கள். பழைய டி.வி. மெக்கானிக்குகள் வைத்திருந்த சீரீஸ் பல்பு முறையே இதற்கு நல்லது: மின் இணைப்பில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாகக் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், வேறெதுவும் வெடிக்காது. ஏ.டி.எக்ஸ். (486 காலத்து ஏ.டி.-க்குப் பின் வந்த) வகையென்றால் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் விசிறி சுற்றும். மல்டிமீட்டரில் சிவப்பு ஒயர் 5 வோல்ட்டும் மஞ்சள் ஒயர் 12 வோல்ட்டும் காட்ட வேண்டும். ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம்.

486 காலத்து ஏ.டி. வகைப் பெட்டிகளில் இன்னும் இரண்டு ஆபத்துகள். முன்பக்க பவர் சுவிட்சுக்கே நேராக 230 வோல்ட் வருகிறது. அதன் மேல் சுற்றிய டேப் பிரிந்திருந்தால் கை வைத்தவுடன் ஷாக் அடிக்கும். இன்னொன்று, போர்டுக்குப் போகும் மின் இணைப்பு இரண்டு துண்டாக இருக்கும். இடம் மாற்றிக் குத்தினால் போர்டு அந்த நொடியே போய்விடும். கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். இதை நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குத்துகிறேன்.

போர்டின் மூலையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போதுமா?

போதாது. 386, 486 போர்டுகளைக் கொல்வது இதுதான். கடிகாரத்துக்கும் பயாஸ் (பெட்டியைத் தொடக்கிவைக்கும் நிரல்) அமைப்புகளுக்கும் மின்சாரம் கொடுக்க அந்தப் போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். பீப்பாய் வடிவில், பெரும்பாலும் நீல உறையில் இருக்கும். காலப்போக்கில் அது கசியும். கசிவது காரம். செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே கீபோர்டு இணைப்பு வரை, சில சமயம் ராம் ஸ்லாட் வரை ஊர்ந்து போகும்.

போன மார்கழியில் வாணியம்பாடியிலிருந்து ஒரு 486 போர்டு வந்தது. பேட்டரியைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பச்சை, ஓரங்களில் வெண்மையாக உப்புப் பூத்த மாதிரி. முதலில் பேட்டரியை வெட்டி எடுத்தேன். மளிகைக் கடை வினிகரைப் பஞ்சில் தோய்த்து வைத்ததும் நுரைத்தது. காரம் அமிலத்தோடு சேர்ந்து அடங்குகிறது என்பதன் அடையாளம் அது. நுரை நிற்கும் வரை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து இரண்டு நாள் காயவைத்தேன். பச்சை போனபின் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஏழு தடங்கள் அறுந்திருந்தன. ஒவ்வொரு தடத்தின் இரு முனைகளையும் மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துத் தேடி, தலைமுடி போன்ற எனாமல் ஒயரைப் பற்றவைத்து முடிக்க மூன்று மாலைகள் ஆயின. நான்காம் மாலை மெமரி எண்ணும் எண்கள் திரையில் ஓடின. கொண்டு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் எதுவும் பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்கள் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். ஆனால் பிசுபிசுப்பை விட்டுவிடும் என்பதால் நான் வினிகரையே சொல்வேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காட்மியம் நஞ்சு. புதிதாகப் பேட்டரி வைக்கும்போது அதே வகையை மறுபடி பற்றவைக்காதீர்கள். பல போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்று நான்கு முள் இணைப்பு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். நாணய வடிவ சி.ஆர். 2032 வைக்கிறவர்கள் நடுவில் ஒரு டயோடு போட்டாக வேண்டும். பழைய பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்துப் பழகிய போர்டு இதற்கும் கொடுக்கும், இந்த வகை பேட்டரியோ சார்ஜ் ஏற்றினால் வெடிக்கக்கூடியது.

உங்கள் 486 இன்று நன்றாக ஓடினாலும் அந்தப் பேட்டரியை இன்றே வெட்டி எடுங்கள்.

கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறது.

மாற்றுங்கள். 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இது பெரிய நோய். மோசமான திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புகுந்துவிட்ட காலம் அது. பென்டியம் 3-ன் பின்பகுதி, பென்டியம் 4, ஆத்லான் போர்டுகளில் பிராசசரைச் சுற்றி நிற்பவற்றைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும்.

அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்குவது, லோ ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) வகை என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோ ரிப்பேருக்கு விற்கும் சாதாரண வகை இங்கே சரிப்படாது. கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் கால் எந்தப் பக்கம் என்ற குறியை எல்லாப் போர்டிலும் ஒரே மாதிரி அச்சிட்டிருக்க மாட்டார்கள். முதல் பயிற்சியைச் செத்த போர்டில் செய்து பாருங்கள். மதர்போர்டுக்குள் இருக்கும் அகலமான செம்புத் தளம் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும்.

விசிறி ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

ராமைக் கழற்றி, அதன் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்துப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே வைத்தியம். பாதிப் பெட்டிகள் இதிலேயே எழுந்துவிடும். நம் மாவட்டத்தில் தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிகளில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தோலிலிருந்து முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடிலிருந்து கிளம்பும் வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும், இணைப்புகள் மந்தமாகிவிடும்.

486-லும் பென்டியத்திலும் ராமைச் சரியான எண்ணிக்கையில் போட்டீர்களா என்றும் பாருங்கள். 30 முள் வகை 486-ல் நான்கு நான்காக, 72 முள் வகை பென்டியத்தில் இரண்டிரண்டாக வேண்டும். ஒற்றையாகப் போட்டால் போர்டு மௌனமாக இருக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மெமரி கார்டு வைக்கலாமா?

மெமரி கார்டு வைக்கலாம். தூக்கிப் போடக் கூடாது.

ஆரணியில் ஓர் அச்சகத்தின் பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே 1.2 ஜி.பி. டிஸ்க். உரிமையாளரின் மகனுக்கு விளையாட்டு ஓடினால் போதும், டிஸ்கை வீசிவிடுங்கள் என்றார். நான் வழக்கம்போல முதலில் நகலெடுத்தேன். 1997 முதல் 2003 வரை அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகள், காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், பட்டு நெசவுக் கூலிக் கணக்கு என்று ஒரு ஊரின் ஆறு வருஷம் அதில் இருந்தது. ஆனால் திறந்தால் எல்லாம் கோடும் குறியுமாகத் தெரிந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று பொது முறைகள் வந்த பிறகும் பழையது பழையதாகவே கிடந்தது. அந்த டிஸ்கின் விண்டோஸ் ஃபான்ட்ஸ் அறைக்குள்ளேயே எழுத்துருக் கோப்பும் இருந்ததால் எல்லாம் படிக்க வந்தது. அந்த மகனின் அப்பா அம்மாவின் வெள்ளி விழா அழைப்பிதழும் அதில் கிடைத்தது. ஆகவே கோப்புகளை எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். அந்தப் பெட்டி போனால் அந்த எழுத்துரு வேறெங்கும் கிடைக்காமலே போகலாம்.

நகலெடுக்க யு.எஸ்.பி.-ஐ.டி.இ. (பழைய டிஸ்க் இணைப்பு முறை) அடாப்டரும் லினக்ஸில் உள்ள டிடி-ரெஸ்க்யூ நிரலும் போதும். மிகப் பழைய டிஸ்குகளைச் சில அடாப்டர்கள் அடையாளம் காணாது, அப்போது ஐ.டி.இ. இணைப்பு உள்ள இடைக்காலப் பெட்டி ஒன்றில் மாட்டி எடுங்கள். டிஸ்க் டக் டக் என்று தட்டினால் உடனே நிறுத்துங்கள். ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்பதை நம்பாதீர்கள், ஈரம் கோர்த்து இருந்ததும் போகும்.

இனி மெமரி கார்டு. கேமராவுக்கு வந்த காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஐ.டி.இ. மொழியையே பேசும், அதனால் மலிவான அடாப்டர் ஒன்று போதும். சத்தம் இல்லை, சூடு இல்லை. கார்டு ரீடர் வழியாக விளையாட்டுகளை நேரடியாக அதில் ஏற்றலாம். கவனிக்க வேண்டியது அளவுதான். 486 காலத்துப் பயாஸ்களில் பலவும் 504 மெகாபைட்டுக்கு மேல் பார்க்காது. அடுத்த பெரிய தடை 8.4 ஜி.பி., அதற்கடுத்தது 32, பிறகு 137. டாஸ் 6.22-ல் ஒரு பிரிவு 2 ஜி.பி.-யைத் தாண்டாது. 486-க்கு 512 எம்.பி. கார்டு கிடைத்தால் அதையே போடுங்கள், உறையில் 512 என்று இருந்தாலும் பயாஸ் கணக்கில் அது 504-க்குள் அடங்கிவிடும். டாஸ் விளையாட்டுகள் அதில் நூற்றுக்கணக்கில் அடங்கும்.

சவுண்ட் கார்டு அவ்வளவு முக்கியமா? போர்டிலேயே சத்தம் வருகிறதே.

டாஸ் விளையாட்டு என்றால் அதுதான் உயிர். போர்டிலேயே உள்ள ஒலிச் சிப்பு விண்டோஸில் பாடும், டாஸுக்குப் போனால் ஊமையாகிவிடும். டாஸ் விளையாட்டுகள் எந்த டிரைவரையும் கேட்பதில்லை. முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 5 அல்லது 7, டி.எம்.ஏ. 1 என்ற வாசல்களில் சவுண்ட் பிளாஸ்டர் இருக்கிறதா என்று நேராகப் போய்க் கதவைத் தட்டும். அங்கே ஆள் இருக்க வேண்டும்.

இசை பிறக்கும் விதமும் வேறு. 1987-ல் ஆட்லிப் கார்டில் வந்த யமஹா ஓ.பி.எல்.2 சிப்பு, பதிவு செய்த ஒலியை வாசிப்பதில்லை. ஓர் அலையால் இன்னோர் அலையை நெளித்து அங்கேயே சுரம் உண்டாக்குகிறது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள். அதன் தம்பியான ஓ.பி.எல்.3 பதினெட்டுக் குரல்களோடு 1992-ன் சவுண்ட் பிளாஸ்டர் 16-ல் வந்தது. டூம் முதல் கட்டத்தின் கிதார் அந்தச் சிப்பிலிருந்து சொரசொரப்பாக, சற்றே உலோக வாடையோடு எழும்போது, அன்று பெரும்பாலான வீடுகளில் கேட்ட சத்தத்தையே நீங்களும் கேட்கிறீர்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். யமஹா 718, 719 சிப்புகள் உள்ள ஐ.எஸ்.ஏ. கார்டுகளில் அசல் ஓ.பி.எல்.3 உண்டு. ஈ.எஸ்.எஸ். 1868 உள்ளவை அதைவிட எளிதாகக் கிடைக்கும், டாஸோடு நன்றாக ஒத்துப்போகும். பேருக்காகச் செலவழிக்காதீர்கள், சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள்.

வூடு கார்டு (முப்பரிமாணப் படத்துக்கான கார்டு) வாங்கலாமா?

பணம் இருந்தால், 1996 முதல் 1999 வரையான விளையாட்டுகள் பிடிக்கும் என்றால், வாங்கலாம். 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் முதல் வூடு 1996-லும் வூடு 2 1998-லும் வந்தன. க்ளைடு என்ற தனி மொழி இந்தக் கார்டுகளுக்கு மட்டுமே உரியது. அன்ரியல், நீட் ஃபார் ஸ்பீட் 2-ன் சிறப்புப் பதிப்பு ஆகியவை க்ளைடில் ஓடும்போது பார்த்துவிட்டால் சாதாரண கார்டுக்குத் திரும்ப மனம் வராது. இவை முப்பரிமாணப் படம் மட்டுமே போடும், அதனால் இன்னொரு கிராபிக்ஸ் கார்டும் இரண்டையும் இணைக்கும் குட்டிக் கேபிளும் தேவை. இரண்டாயிரத்தின் கடைசியில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொண்டது. இன்று சந்தையில் இருப்பதெல்லாம் பழையது மட்டுமே, விலை ஏறிக்கொண்டே போகிறது. ஐ.ஜி.ஐ. விளையாடுவதற்காகக் கேட்டால் வேண்டாம் என்பேன், ஜீஃபோர்ஸ் 2 போதும்.

ஏ.ஜி.பி. கார்டு குத்தும்போது அதன் வெட்டும் ஸ்லாட்டின் தடுப்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 3.3 வோல்ட் கார்டும் 1.5 வோல்ட் போர்டும் சேர்ந்தால் இரண்டும் எரியலாம். அழுத்தித் திணிக்க வேண்டாம்.

ராம் எவ்வளவு போடலாம்?

விண்டோஸ் 98-க்கு 256 எம்.பி. போதும். 512-ஐத் தாண்டினால் அது குழம்பி, நினைவகம் போதவில்லை என்றே சொல்லும்.

விளையாட்டு கண்மண் தெரியாத வேகத்தில் ஓடுகிறது.

பழைய விளையாட்டுகள் சில, பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக வைத்து எழுதப்பட்டவை. அன்றைய பெட்டிகளில் டர்போ பொத்தான் இருந்தது இதற்காகத்தான். வேகத்தைக் குறைத்து விளையாட வைக்கும். பென்டியம் 3-ல் பயாஸுக்குள் போய் உள் கேஷை (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகத்தை) அணைத்துப் பாருங்கள், 386 அளவுக்கு இறங்கிவிடும். தொடங்கும்போதே 'ரன்டைம் எரர் 200' என்று வந்து நின்றால் அதுவும் வேகத்தால்தான்: போர்லாண்ட் பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடக்கத்தில் வேகத்தை அளக்கும், சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விடை வரம்பு மீறி வகுத்தலில் முறிந்துவிடும். இதற்குத் திருத்து நிரல்கள் இருக்கின்றன.

மஞ்சளாகிப்போன கேபினட்டை வெள்ளையாக்க முடியுமா?

முடியும், நம் ஊர் வெயில் இதற்கு வரம். பிளாஸ்டிக்கில் தீ பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் ஒளியும் சேர்ந்து மஞ்சளாக்குகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் நிறம் திரும்பும். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, முன்பலகையை முழுக்க மூழ்கவைத்து மொட்டை மாடியில் வையுங்கள். பாதி மூழ்கினால் கோடு விழும். மணிக்கொரு தரம் திருப்புங்கள். மே மாதக் கத்திரியில், 40 டிகிரியைத் தாண்டும் நாளில், காலையில் வைத்ததை மாலையில் எடுத்துவிடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை அவசியம். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரக்கூடும். நான் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பெட்டிக்கு அதன் வயது அழகாகவே இருக்கிறது.

பழைய மானிட்டர்தான் வேண்டுமா?

குழாய் மானிட்டரில் 320-க்கு 200 புள்ளிப் படம் மென்மையாகக் கலந்து நிற்கும். எல்.சி.டி.-யில் அதே படம் கட்டம் கட்டமாக உடையும். இடமில்லாதவர்கள் 17 அங்குலச் சதுர எல்.சி.டி. வைத்துக்கொள்ளுங்கள், அகலத் திரையில் டேவ் குண்டாகிவிடுவான். டாஸ் படம் நொடிக்கு 70 தடவை வரும், அதை ஏற்கும் மானிட்டரா என்று பார்த்து வாங்குங்கள். குழாய் மானிட்டரை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் குழாயில் தங்கும். நான் இத்தனை ஆண்டுகளில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை, டி.வி. மெக்கானிக்கிடம்தான் கொடுக்கிறேன்.

இணையத்தில் இணைக்கலாமா?

வேண்டாம். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006-லேயே நின்றுவிட்டன. கோப்புகளைச் சி.டி.-யில் எழுதியோ மெமரி கார்டிலோ கொண்டுபோங்கள். பென் டிரைவ் தனி டிரைவர் போட்டால்தான் வேலை செய்யும்.

இன்றைய கம்ப்யூட்டரிலேயே டாஸ் விளையாட்டை ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரல் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

விளையாட்டு மட்டும் போதுமென்றால் டாஸ்பாக்ஸே போதும், மனதாரச் சொல்கிறேன். 2002 முதல் அது இலவசமாகக் கிடைக்கிறது, இன்றைய மடிக்கணினியில் இரண்டு நிமிடத்தில் ஓடும். கையில் காசும் நேரமும் குறைவாக உள்ள மாணவர்களுக்கு நான் அதைத்தான் நிறுவித் தருகிறேன். பெட்டியைப் பிழைக்க வைப்பது வேறு ஆசை. பிளாப்பி டிரைவ் கரகரவென்று தேடுவது, கனமான கீபோர்டின் தட்டல், தொடக்கக் கட்டளைகள் உள்ள ஆட்டோஎக்ஸெக் கோப்பில் இரண்டு வரிகளை இடம் மாற்றி டாஸ் நினைவகத்தின் 640 கிலோபைட்டுக்குள் இன்னும் பத்தை மிச்சப்படுத்துவது எல்லாம் அதில் சேரும். இது பிடித்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பாடு.

விளையாட்டுகளை எங்கே வாங்குவது?

அன்று நம்மிடம் இருந்தவை பெரும்பாலும் நகல் பிளாப்பிகள்தான். இன்று பல பழைய விளையாட்டுகளைக் காசு கொடுத்து முறையாகவே இணையத்தில் வாங்க முடிகிறது. டூமின் முதல் பகுதி அன்றே இலவசப் பகிர்வுக்கு விடப்பட்டது. டாஸுக்குப் பதிலாக ஃபிரீடாஸ் போட்டுக்கொள்ளலாம், அதுவும் இலவசம்.

என் பெட்டியை உங்களிடம் கொண்டுவரலாமா?

வாருங்கள். கீபோர்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், பழைய வட்ட முனைக் கீபோர்டு எளிதில் கிடைப்பதில்லை. பஸ்ஸில் வருவதானால் கேபினட்டைப் படுக்க வைத்துக் கீழே பழைய போர்வை போடுங்கள். குழாய் மானிட்டரைத் தூக்கும்போது கண்ணாடி முகம் உங்கள் மார்புப் பக்கம் இருக்கட்டும், எடை முழுவதும் முன்னால்தான் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். போடாமல் கொண்டுவாருங்கள்.